மூன்று பாட்டில் ரப்பர் பால்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

அன்று காலை வகுப்புக்கு மூன்று பாட்டிலில் ரப்பர் பால் வந்தது. ஒன்று வரும் வழியிலேயே உறைந்து வெள்ளைக் கட்டியாகக் கிடந்தது. இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு விட்டும் உறையவில்லை. மூன்றாவது பாட்டில் மட்டும் நான் பாடக்குறிப்பில் எழுதியிருந்தபடி நடந்துகொண்டது. அந்த நாள் வீணாகப் போய்விட்டது என்றுதான் மதியம் வரை நினைத்தேன். இன்று திரும்பிப் பார்த்தால், ஆறு வார வேலையில் பிள்ளைகள் தங்கள் யோசனையைத் தாங்களே முதல்முறை பிடித்துப் பார்த்தது அந்த நாளில்தான்.

நான் குலசேகரம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் அக்டோபர் கடைசியில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை செய்து பார்த்த ஒரு முயற்சியின் பதிவு இது. கேள்வியிலிருந்து தொடங்கிப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும் வினாவழிக் கற்றல், அவர்களுடைய மீயறிதல் திறனை, அதாவது தங்கள் யோசனையைத் தாங்களே கவனித்துச் சரிசெய்துகொள்ளும் திறனை வளர்க்குமா என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது.

வகுப்பும் ஊரும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பள்ளியைக் கற்பனை செய்வது கடினமில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர். என் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பால் வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்குப் போகிறார், அல்லது சொந்தமாகக் கொஞ்சம் மரம் வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்னாலேயே வெட்டு தொடங்கிவிடும். இரவில் மரம் இலைவழியாக நீரை அதிகம் இழப்பதில்லை, பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும், அதனால் அந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இந்தக் காரணத்தைப் பாடப்புத்தகம் பார்த்துச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கும், எத்தனை மணிக்கு எழுந்து போக வேண்டும் என்பது தெரியும்.

படிப்புக்கு இந்த மாவட்டத்தில் உள்ள மரியாதை பெரியது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். பால் வெட்டும் அப்பாவும் மகளின் மார்க் அட்டையைத் தவறாமல் பார்ப்பார். இதன் இன்னொரு பக்கமும் உண்டு. படிப்பு என்றால் சரியான விடை, சரியான விடை என்றால் மார்க் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று ஒரு துண்டுத்தாளில் எத்தனை மார்க் வரும் என்று எழுதச் சொன்னேன். திருத்திய பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானோர் தங்களுக்குக் கிடைத்ததைவிட நன்றாகக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். குறைந்த மார்க் எடுத்தவர்களின் கணிப்புதான் நிஜத்திலிருந்து மிகவும் விலகியிருந்தது. ஒரு மாணவி மூன்று மணி நேரம் படித்ததாகச் சொன்னாள். எப்படிப் படித்தாய் என்றால், “அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிச்சேன் டீச்சர்” என்றாள். வாசித்தது கண்ணுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தையே புரிதல் என்று நம்பிவிட்டாள்.

மீயறிதல் என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் 1970களில் பெயர் வைத்துப் பேசியது இதைத்தான். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எப்படிப் படித்தால் எனக்கு ஏறும் என்ற அறிவு ஒரு பாதி. வேலை செய்யும்போது திட்டமிடுவது, நடுவில் நின்று சரியாகப் போகிறதா என்று பார்ப்பது, முடிந்தபின் மதிப்பிடுவது மறுபாதி. என் வகுப்பில் முதல் பாதி பலவீனமாக இருந்தது. இரண்டாம் பாதி வகுப்பறையில் இல்லவே இல்லை என்று அப்போது நினைத்தேன். அந்த எண்ணம் தவறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம் தோற்றது

அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தை எடுத்துக்கொண்டேன். “இந்தத் தலைப்பில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள், நாமே கண்டுபிடிப்போம்” என்று சொல்லிவிட்டு உற்சாகமாகக் காத்திருந்தேன். வந்த கேள்விகள் எல்லாம் பாடத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வந்தவை. அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன. ஒரு கேள்விகூட அவர்களுடையது இல்லை.

தவறு என்னுடையது. வினாவழிக் கற்றலை நான்கு படியாகப் பிரிப்பார்கள். விடை தெரிந்ததைச் சரிபார்ப்பது, கேள்வியும் செய்முறையும் ஆசிரியர் கொடுப்பது, கேள்வியை மட்டும் கொடுத்து வழியைப் பிள்ளைகளிடம் விடுவது, கேள்வியையும் அவர்களிடமே விடுவது. பாஞ்சி, பெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய இந்தப் படிவரிசை பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும். நான் முதல் படியில்கூட ஏறாத பிள்ளைகளை நான்காவது படியில் நிறுத்தியிருந்தேன். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் ஏன் வேலை செய்யாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரையை முன்பு எரிச்சலோடு படித்திருக்கிறேன். புதியவர்களின் மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமைக்கு அளவு உண்டு என்பது அவர்கள் வாதம். அந்த வாரம் அது எனக்கு நன்றாகவே உறைத்தது.

அதே வாரம் இன்னொன்றும் பலிக்கவில்லை. மீயறிதலை அளக்க ஷ்ரா, டெனிசன் இருவரும் 1994இல் உருவாக்கிய 52 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. அதிலிருந்து சிலவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘படிக்கும்போது எனக்குப் புரிகிறதா என்று இடையில் நிறுத்திப் பார்ப்பேன்’ என்பது போன்றவை. கிட்டத்தட்ட எல்லோரும் ‘எப்போதும்’ என்று டிக் போட்டார்கள். டீச்சர் கேட்கும்போது இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தத் தாள்களை வைத்து நான் எதையும் அளந்ததாகச் சொல்ல மாட்டேன்.

நான்கு வரி நோட்டு

இரண்டாம் வாரம் கேள்வியை நானே கொடுத்தேன்: ரப்பர் பாலை உறைய வைப்பது எது?

வீட்டில் ஷீட் அடிக்க, அதாவது பாலை உறைய வைத்து ரப்பர் தகடாக்க, ஆசிட் ஊற்றுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது ஃபார்மிக் அமிலம், தோலை அரிக்கும், அதனால் வகுப்பில் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பதிலாக எலுமிச்சைச் சாறு, வினிகர், புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர் என்று ஏழு வைத்தோம். காகிதத்தில் செம்பருத்திச் சாறு ஏற்றி நிறங்காட்டியும் செய்துகொண்டோம். பாலைத் தொட்டால் தோல் தடிக்கும் பிள்ளைகள் யாராவது உண்டா என்று கேட்டு, அவர்களைப் பதிவு எடுக்கும் வேலையில் விட்டோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு வரி எழுத வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? எதை வைத்து அப்படி நினைக்கிறேன்? எவ்வளவு உறுதி, ஒன்று முதல் ஐந்துக்குள்? இந்த மூன்றும் சோதனைக்கு முன்னால். நான்காவது வரி சோதனைக்குப் பின்னால்: நான் எங்கே சரி, எங்கே சறுக்கினேன், ஏன்?

இதோடு ஒரே ஒரு விதி. பேனாவில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தவறென்று தெரிந்தால் ஒரு கோடு மட்டும் போடலாம். இந்த விதி முதல் நாளில் இல்லை. முதல் நாள் பென்சிலில் எழுதினார்கள். சோதனை முடிந்து நோட்டுகளைப் பார்த்தால் எல்லாருடைய கணிப்பும் சரி! வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கும் மாணவியின் நோட்டில் அழித்த தடம் தெளிவாகத் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் பாலை உறைய வைக்கும் என்று முதலில் எழுதியிருந்தாள். நான் கோபப்படவில்லை. ஆனால் அன்று இரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாகச் சிவப்பு மையால் திருத்தப்பட்ட பிள்ளைக்குத் தவறான கணிப்பு என்பது ஒழிக்க வேண்டிய அழுக்கு. நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம். மறுநாளிலிருந்து அந்த நோட்டில் நான் சிவப்பு மையால் எழுதுவதை நிறுத்தினேன். மார்க்கும் கிடையாது என்று அறிவித்தேன்.

மூன்று பாட்டில்

வடகிழக்குப் பருவமழை காலம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு என்பதால் மழையால் வெட்டு நிற்கிற நாட்கள் நிறைய. வெட்டும் இடத்தில் மழை படாமல் தடுக்கும் ரெயின் கார்டை மரத்தில் கட்டியவர்கள் மட்டும் தொடர்ந்து வெட்டுவார்கள். நான்காம் வாரம் ஒரு நாள், மூன்று வீடுகளிலிருந்து மூன்று பாட்டில் பால் வந்தது, மூன்று குழுக்களுக்கு ஆளுக்கொன்று.

“டீச்சர், எனக்க பாட்டில்ல தானாவே உறைஞ்சு போச்சு” என்று ஒரு மாணவி அழும் நிலையில் நின்றாள். மாம்பழ ஜூஸ் பாட்டில் அது. உடனே வகுப்பு தீர்ப்பு சொல்லிவிட்டது: பாட்டிலில் ஜூஸ் ஒட்டியிருந்தது, ஜூஸ் அமிலம், அதனால் உறைந்தது. நோட்டில் பாதிப் பேர் உறுதி 5 என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது பாட்டில்காரர்கள் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் குழுவில் அதே அளவு சாற்றுக்குப் பால் கட்டிதட்டிவிட்டது. “எலுமிச்சம்பழம் சரியில்ல” என்றான் ஒருவன். பழத்தை மாற்றினார்கள். அப்போதும் இல்லை. “பால்ல தண்ணி கலந்திருக்கும்” என்றாள் ஒருத்தி. தண்ணீர் மட்டும் கலந்தால் உறைவது நிற்காது என்று அவர்களே முந்தைய வாரம் பார்த்திருந்தார்கள். அதை நினைவுபடுத்தியது நான் இல்லை, இன்னொரு மாணவி தன் நோட்டைப் புரட்டிக் காட்டினாள். அழிக்காமல் வைத்த நோட்டுக்கு அன்று முதல் பயன் கிடைத்தது.

வீட்டில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் இரண்டு செய்தி வந்தது. உறையாத பாட்டிலின் பையன் சொன்னான், “அப்பா பாலு விக்கதுக்கு பேரல்ல ஊத்துவாவ. அதுக்கு முன்னால அமோனியா விட்டாவளாம். அதுல இருந்துதான் எனக்கு எடுத்துத் தந்தாவ.” உறைந்த பாட்டிலின் மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள், மழையில் அன்று தாத்தா வெட்டவில்லை, அது முந்தைய நாள் பால்.

அமோனியா விஷயம் பாடத்தோடு நேராகச் சேர்ந்தது. ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள படலத்தில் எதிர்மின்சுமை இருக்கிறது, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலில் மிதக்கின்றன. அமிலம் சேரும்போது அந்தச் சுமை குறைந்து துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அமோனியா காரம். விட்ட எலுமிச்சைச் சாறு முதலில் அமோனியாவை நடுநிலையாக்கவே செலவாகிவிட்டது. இன்னும் சாறு விடுங்கள் என்றேன். விட்டார்கள், கடைசியில் உறைந்தது. நடுநிலையாக்கல் வினையை நான் பலகையில் எழுதியபோது எப்போதும் போலக் குனிந்து காப்பி அடிக்காமல் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது மற்ற பாட்டில்தான். உறுதி 5 என்று எழுதியவர்களிடம் இப்போது இரண்டு காரணம் இருந்தது, ஜூஸும் பழைய பாலும். எது என்று எப்படிச் சொல்வது? அன்றைய பாலைச் சுத்தமான பாட்டிலில் கொஞ்சம், ஜூஸ் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்தோம். கடைசி மணி அடிக்கும்போது ஜூஸ் பாட்டிலில் கட்டிதட்டியிருந்தது, சுத்தமான பாட்டிலில் பால் இன்னும் ஓடியது. மறுநாள் காலையில் இரண்டுமே உறைந்திருந்தன. பாலில் பெருகும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலமே போதும், ஜூஸ் அதை விரைவுபடுத்துகிறது என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். அந்த முதல் ரேங்க் மாணவி நான்காம் வரியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘என்னைக்கு வெட்டின பால் என்று கேட்கவே இல்லை. கேட்காமலேயே 5 போட்டேன்.’

சோப்புத் தண்ணீர்க் கணிப்பை அழித்த பிள்ளை இது.

வெட்டுக்குப் போகிற பையன்

வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன். வெட்டு நாட்களில் விடியலில் அப்பாவோடு போய்ச் சிரட்டை வைப்பது, பால் எடுப்பது எல்லாம் செய்துவிட்டு வருவான். முதல் பாடவேளையில் தூங்குவான். நோட்டில் நான்கு வரியும் காலியாக இருக்கும், அல்லது ‘உறையும்’, ‘உறையாது’ என்று ஒரு சொல். மீயறிதல் மிகவும் குறைவு என்று என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதியிருந்தேன்.

உப்புத்தண்ணீர்ச் சோதனையில் இரண்டு குழுவுக்கு இரண்டு விதமாக முடிவு வந்தது. ஒன்றில் பால் லேசாகத் திரண்டது, இன்னொன்றில் அப்படியே நின்றது. எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து வந்து, ஒரு கிண்ணத்தில் வெறும் பாலை ஊற்றித் தனியாக வைத்தான். “இது ஒண்ணு சும்மா இருக்கட்டும் டீச்சர், ஒத்துப் பாக்கதுக்கு.” அப்புறம் இரண்டு குழுவும் எத்தனை கரண்டி உப்பு போட்டார்கள் என்று கேட்டான். ஒரு குழு கல்லுப்பு நிறையப் போட்டிருந்தது, மற்றது ஒரு சிட்டிகை தூளுப்பு.

ஒப்பீட்டுக்கு ஒன்றைத் தொடாமல் வைப்பது, அளவைச் சமமாக்குவது. இந்த இரண்டையும் நான் அதுவரை வகுப்பில் சொல்லவில்லை. எங்கே கற்றாய் என்றால் “சும்மா” என்றான். எழுதச் சொன்னால் மீண்டும் வெறும் தாள். அடுத்த வாரம் நான் முறையை மாற்றினேன். எழுதக் கஷ்டப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம், கேட்பவர் எழுதட்டும். அப்போது வந்தது அவன் கதை. ஆசிட் புதிதாக வாங்கினால் அப்பா எல்லாத் தட்டிலும் ஊற்ற மாட்டார், ஒரு தட்டில் மட்டும் ஊற்றிப் பார்ப்பார், கூடிப்போனால் ஷீட் கெட்டுவிடும். மழை வருமா என்று பார்த்துத்தான் எந்த வரிசையை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். பாதியில் தூறினால் திட்டம் மாறும்.

திட்டமிடல், இடையில் கவனித்தல், மாற்றிக்கொள்ளல். ஃபிளேவலுக்குப் பின் வந்தவர்கள் பட்டியலிட்ட எல்லாமே அந்தப் பதினான்கு வயதுப் பையனிடம் இருந்தது. வகுப்பறைக்குள் அதைக் கொண்டுவர அவனுக்கு வழி இல்லை, நான் வைத்த வழி எழுத்து. நான் அளந்துகொண்டிருந்தது அவனுடைய எழுத்தை, அதற்கு மீயறிதல் என்று பெயர் வைத்திருந்தேன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இந்தத் திருத்தத்தைத்தான்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

உறுதி எண்ணில் மாற்றம் தெரிந்தது. முதலில் 5ம் 1ம் மட்டுமே எழுதியவர்கள் போகப்போக 3, 2 என்று எழுதத் தொடங்கினார்கள். அதைவிட, இரண்டாம் வரி நீண்டது. ‘புத்தகத்தில் இருக்கிறது’ என்பது குறைந்து, ‘போன வாரம் வினிகரில் இப்படி ஆனது, புளியும் புளிப்புதான்’ போன்ற வரிகள் வந்தன. ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் எழுதிவந்த ஒரு மாணவி, ‘அமிலம் புரிகிறது, அமோனியா வந்தால் சாறு ஏன் கூட வேண்டும் என்பதுதான் புரியவில்லை’ என்று எழுதினாள். எனக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேண்டாம்.

அரையாண்டு முடிந்ததும் மீண்டும் துண்டுத்தாள் கொடுத்தேன். கணிப்புகள் காலாண்டைவிட நிஜத்துக்கு நெருங்கியிருந்தன. மார்க் பெரிதாகக் கூடவில்லை, அதை மறைப்பதற்கில்லை. போர்ஷன் முடிக்கவும் நான் இரண்டு சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வைக்க வேண்டியிருந்தது. அடுத்த பாடத்துக்கு நோட்டை நான் வற்புறுத்தாமல் விட்டுப் பார்த்தேன். தாங்களாகவே கணிப்பு எழுதியவர்கள் சிலர்தான். ஆறு வாரத்தில் இது பழக்கமாகிவிடாது.

இது ஒரே வகுப்பு. ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. கற்பித்தவளும் கவனித்தவளும் நானே, அதனால் எனக்குப் பிடித்ததையே நான் பார்த்திருக்கலாம். கணிப்பு நெருங்கியதற்குக் கூட, இரண்டாம் முறை கேட்கும்போது எச்சரிக்கையாக எழுதியது காரணமாக இருக்கலாம்.

இருந்தாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன், உறுதி 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்வது மட்டும் மீயறிதலைக் கொடுக்கவில்லை. பென்சில் வைத்திருந்த முதல் நாளிலும் பால் ஊற்றினார்கள், சாறு விட்டார்கள், சந்தோஷமாக இருந்தார்கள், ஆனால் தங்கள் யோசனையைப் பற்றி ஒன்றும் அறியவில்லை. கை வேலைக்கு முன்னால் நினைப்பைப் பதிய வைத்து, வேலைக்குப் பின் அந்த நினைப்பிடமே திரும்பிப் போகச் செய்தபோதுதான் மாற்றம் வந்தது. ஒயிட், ஃபிரெடெரிக்சன் இருவரும் 1998இல் அமெரிக்க நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் இயற்பியல் ஆய்வோடு தன்மதிப்பீட்டைச் சேர்த்தபோது, குறைந்த மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு அதிகப் பயன் கிடைத்ததாக எழுதினார்கள். என் கடைசி பெஞ்சுப் பையனைப் பார்த்த பிறகு அதை நம்ப எனக்குத் தயக்கம் இல்லை.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கேள்வியை முதலில் நீங்களே கொடுங்கள், அது பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற பொருளாக இருக்கட்டும். முட்டம், குளச்சல் பக்கம் என்றால் மீனைக் காய வைக்கும்போது உப்பு என்ன செய்கிறது என்று கேட்கலாம், தோவாளை என்றால் பிச்சிப்பூ எந்த நேரத்தில் விரிகிறது என்று கேட்கலாம். எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே வாயால் சொல்ல இடம் கொடுங்கள். நான் அதற்கு நான்கு வாரம் எடுத்துக்கொண்டேன், அந்த நான்கு வாரம் அவனுக்குப் போய்விட்டது.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து வெட்டு நின்றது. கடைசி பெஞ்சுப் பையன் முதல் பாடவேளையில் விழித்திருந்தான். ஒரு நாள் நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கோணல் எழுத்தில், யாரும் கேட்காமல் எழுதியது: ‘எல உதிரும்போ பால் கொறையும். எல இல்லாட்டா மரத்துக்குச் சாப்பாடு இல்ல, அதனாலன்னு நினைக்கேன். அப்பா சொன்னதில்ல, நானே யோசிச்சது. உறுதி 2.’ நான்காம் வரியைக் காலியாக விட்டிருந்தான்.